அம்மாவுக்கு நான் மாற்றிச் சொன்ன நோய்

முதல் அறிகுறி ஆய்வகத்தில் வந்தது. இரண்டாம் ஆண்டு வேதியியல் வகுப்பு. பிப்பெட்டில் (திரவத்தை அளந்து எடுக்கும் கண்ணாடிக் குழாய்) நீரை ஏற்றிக்கொண்டிருந்தபோது விரல்கள் மரத்துப்போயின. பிறகு நெஞ்சு அடித்துக்கொண்டது. அறையில் எல்லோரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள், எனக்கு மட்டும் காற்று எட்டவில்லை. கழிவறைக்குள் போய் உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் சரியானது. காலையில் சாப்பிடாததால் வந்தது என்று முடிவு செய்தேன்.

அடுத்த மாதத்துக்குள் ஐந்து முறை வந்தது. பிறகு அது வராத நாள்களும் கெட்டுப்போயின, வந்துவிடுமோ என்ற காவலிலேயே பொழுது கழிந்தது. ஒரே பத்தியை நான்கு முறை படிப்பேன். தலைக்குக் குளிப்பது மலை ஏறுவதுபோல் இருந்தது. பல்கலைக்கழகம் போகிறேன் என்று கிளம்பி, கடற்கரைச் சுவரில் நண்பகல்வரை உட்கார்ந்துவிட்டு வீடு திரும்பிய நாள்களும் உண்டு.

யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் படிவம் ஐந்தை (பள்ளியின் பதினோராம் ஆண்டு) தாண்டியவள் நான் ஒருத்திதான். அப்பா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டுகிறார். அம்மா பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமைக்கிறார். பத்து வயதிலிருந்து வீட்டுக்கு வரும் கடிதங்களை நான்தான் படித்துச் சொல்வேன். சித்தி, மாமா, பக்கத்து வீட்டு அக்கா என்று யார் மருத்துவமனைக்குப் போனாலும் கூடப் போய் டாக்டர் சொல்வதைத் தமிழாக்குவதும் என் வேலை. அதில் எனக்குப் பெருமை உண்டு. இப்போதும் உண்டு.

ஒருநாள் மாலை எங்கள் அடுக்குமாடியின் லிஃப்டுக்குள் கால்கள் மடங்கின. அம்மா என்னை அரசு மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனார். ஈசிஜி (இதயத்தின் மின்துடிப்பைத் தாளில் வரையும் சோதனை) எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. இளம் பெண் டாக்டர் அரைமணி நேரம் கேள்வி கேட்டார். பிறகு அம்மாவை உள்ளே அழைத்து, மற்ற டாக்டர்களைப்போல் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார்: இது பதற்றக் கோளாறு (ஆபத்து இல்லாதபோதும் உடல் ஆபத்தில் இருப்பதுபோல் நடந்துகொள்வது), கூடவே மனச்சோர்வும் இருக்கிறது. மாத்திரையும் ஓய்வும் ஆலோசனையும் வேண்டும்.

அம்மா என் பக்கம் திரும்பினார். "என்னா சொல்றாங்க?"

"இரத்தம் கம்மியாம், அம்மா."

"நான் சொன்னேன்ல! நாளெல்லாம் மீ நூடுல்ஸையே தின்னா எங்கேர்ந்து ரத்தம் ஊறும்? ஈரல் சாப்பிடலாமான்னு கேளு."

நான் டாக்டரிடம், மாத்திரையை எத்தனை நாள் எடுக்க வேண்டும் என்று கேட்டேன். ஆறு மாதமாவது ஆகும் என்றார்.

"தாராளமா சாப்பிடலாமாம்."

பத்து வருடமாக இந்தக் குடும்பம் என் வாயை நம்பியிருந்தது. அன்று அதை எனக்காகப் பயன்படுத்திக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து வீட்டில் ஈரல், முருங்கைக்கீரை, பீட்ரூட், மறுபடி ஈரல். "இந்த வட்டாரத்துல ஒரு ஆட்டுக்கும் ஈரல் மிச்சமில்லலா," என்றார் அப்பா. மாத்திரைகளைச் சத்து மாத்திரைப் புட்டியில் போட்டு வைத்தேன். முதல் இரண்டு வாரம் அவை குமட்டலைத் தந்தன. பலன் மெதுவாகத்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதையும் வீட்டில் சொல்ல முடியவில்லை.

பொய்யின் விலை அங்கேதான் தெரிந்தது. இரத்தக் குறைவுக்கு யாரும் ஓய்வு தரமாட்டார்கள். சித்தி தன் மகனின் பள்ளி மாற்றக் கடிதத்தோடு வந்தார். மாமாவுக்குக் கண் சோதனைக்குத் துணை வேண்டும். எல்லாவற்றுக்கும் போனேன். நான் களைத்தது வேதியியலால் மட்டும் அல்ல என்று பல்கலைக்கழக ஆலோசகர்தான் காட்டினார். "எல்லாருக்கும் பேசுறீங்க, உங்களுக்கு யார் பேசுறாங்க?" என்றார். எனக்குக் கோபம் வந்தது.

இந்த அரையாண்டுப் படிப்புப் பருவத்தை ஒத்திவைக்கலாம் என்றார் அவர். டாக்டரின் கடிதத்தோடு வெள்ளிக்கிழமைக்குள் விண்ணப்பம் தர வேண்டும். தராவிட்டால் தேர்வு எழுதியாக வேண்டும். போன பருவமே என் புள்ளிகள் சரிந்திருந்தன, இன்னொரு முறை சரிந்தால் இடமே போய்விடும். ஒத்திவைத்தாலோ, ஆறு மாதம் ஏன் வீட்டில் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். முதல் பட்டதாரி என்று அம்மா கேன்டீன் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். விண்ணப்பத்தைப் பையிலேயே வைத்திருந்தேன்.

புதன்கிழமை மருத்துவமனையில் மறுபார்வை. வேண்டாம் என்று சொல்லியும் அம்மா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். இந்த முறை வேறு டாக்டர், வயதானவர். அம்மா கூட இருக்கலாமா என்று கேட்டார். ஆங்கிலம்தானே என்ற துணிவில் தலையாட்டினேன். அவர் அம்மாவை 'மக்சிக்' (அத்தை) என்று மரியாதையாக அழைத்து மலாயில் தொடங்கினார். கேன்டீனில் வளர்ந்த மலாய் அம்மாவுடையது. மனச்சோர்வு என்ற சொல் அந்த அறையில் விழுந்தது. நான் அவசரமாகக் குறுக்கிட்டேன்.

"அம்மா, டாக்டர் என்ன சொல்றாருன்னா..."

அம்மா கையை உயர்த்தினார். "நீ சும்மா இரு. இன்னிக்கு நீ நோயாளி. நான் பேசிக்கிறேன்."

பேசினார். இலக்கணம் தடுமாறிய மலாயில் ஒவ்வொன்றாகக் கேட்டார். மாத்திரையால் தூக்கம் வருமா? பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும்? இவள் தனியாக இருக்கலாமா? நான் கேட்கத் தோன்றாத கேள்விகள். டாக்டர் ஒவ்வொன்றுக்கும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொன்னார். நான் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். யாருடைய வார்த்தையையும் சுமக்காமல் ஒரு டாக்டரின் அறையில் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை.

வெளியே மருந்து வரிசையில் கேட்டேன். "எப்பம்மா தெரியும்?"

"ரெண்டாவது வாரமே. குப்பையில கெடந்த மாத்திரை அட்டையை ஃபேக்டரி நர்ஸ்கிட்ட காட்டினேன்."

"அப்புறம் ஏன் ஈரலா ஆக்கிப் போட்டே?"

"வேற என்ன செய்யச் சொல்றே? இதுக்கு என்ன குழம்பு வைக்கணும்னு நர்ஸுக்கும் தெரியலை." சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். அம்மா தொடர்ந்தார்: "நீ பெரிய படிப்பு படிக்கிறவ. சொல்லாததுக்குக் காரணம் இருக்கும்னு இருந்தேன். கேட்டிருக்கணும். தப்புதான்."

அங்கேயே விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினேன். ஆறு மாதம் பின்தங்குவேன் என்றேன். "அவ்வளவுதானா? நீ செத்துகித்துப் போயிடுவியோன்னு நான் பயந்துக்கிட்டு இருக்கேன்," என்றார். வெள்ளிக்கிழமை காலை விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். அப்பாவிடம் சொன்னபோது, "கப்பல் லேட்டா வந்தா இறக்காமலா விட்டுடுவோம்?" என்றார். சில சரக்கு கெட்டுப்போகுமே என்றேன். "நீ என்ன கெட்டுப்போற மீனா?"

அந்த ஆறு மாதத்தில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. தூங்கினேன். வாரம் ஒருமுறை ஆலோசகரைப் பார்த்தேன். ஏழாவது வாரம் ஒரு காலை, பல் துலக்கி முடித்த பிறகுதான், அதற்காக என்னை நானே உந்தவில்லை என்று கவனித்தேன். சித்தி வந்தால் அம்மா வாசலிலேயே சொல்லிவிடுவார்: "அவ லீவுலா." நன்றாகிவிட்டது என்று நானாக மாத்திரையை நிறுத்திப் பத்து நாள் அவதிப்பட்டதும் உண்டு. நீங்கள் அதைச் செய்யாதீர்கள். இதயம் சரி என்று சோதனை சொல்லிவிட்டால் அதை நம்புங்கள். உங்கள் வீட்டில் முதலில் படித்தவர் நீங்கள் என்றால், வீட்டார் தாங்கமாட்டார்கள் என்று நீங்களாகத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

இப்போது என்னைவிட இளையவர்களோடு படிக்கிறேன். 'அக்கா' என்கிறார்கள். முன்பு பட்டம் வாங்கும் ஆண்டிலிருந்து பின்னோக்கி நாள்களை எண்ணுவேன். இப்போது இந்த வாரம் எனக்குப் போதுமான அளவாக இருக்கிறது. உடம்பைத் தோளில் போட்ட பைபோல் இழுத்துக்கொண்டு திரிந்தவள், இப்போது அது களைத்தால் உட்கார்கிறேன்.

போன வாரம் வகுப்பின் முன் நின்று என் ஆய்வை விளக்க வேண்டியிருந்தது. திரையில் இரண்டாவது படம் வந்தபோது நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்கியது. "ஒரு நிமிடம் வேண்டும்," என்று விரிவுரையாளரிடம் சொன்னேன். அவர் தலையசைத்தார். இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, பேசாமல் நின்றேன். அந்த நிமிடம் நீளமாகத்தான் இருந்தது. யாரும் எழுந்து போகவில்லை. பிறகு மூன்றாவது படத்துக்குப் போனேன்.