பகலில் சொன்ன கதை

ஜூஹேர் யாருக்கும் பயந்தவள் அல்ல. ஜுர்ஜுரா மலையின் அந்தக் கிராமத்துக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து கொத்துச்சாவி அவள் இடுப்பில்தான். கணவன் மொக்ரான் பிரான்சுக்குச் சம்பாதிக்கப் போய் அங்கேயே கண்ணை மூடினான். பிள்ளைகளை ஒண்டியாக ஆளாக்கினேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வாள். கூடவே தண்ணீர் சுமந்து, ஆலிவ் பொறுக்கி, தறியில் உட்கார்ந்த நாத்தனார் செக்கூராவை மட்டும் அந்தப் பேச்சில் வசதியாக மறந்துவிடுவாள்.

கல்யாணம் ஆகாத செக்கூராவிடம் கதைகள் இருந்தன. பனிக்காலத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் போர்வையோடு வந்து அடுப்பைச் சுற்றி உட்காருவார்கள். ஜூஹேர் கேட்பதோ எப்போதும் ஒரே கதை: ஓர் அரக்கி ஒரு பெண்ணைத் தானியக் குதிருக்குள் அடைத்துவைத்து, பெண் கேட்டு வந்தவனை வாசலோடு துரத்துகிற கதை. அரக்கி தீயில் வேகும் இடம் வந்ததும் எல்லோரும் அவளைச் சபிக்க வேண்டும். ஜூஹேரின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்கும்; மற்றப் பெண்கள் போர்வையை வாய்வரை இழுத்துக்கொள்வார்கள். பாவம், அவளுக்கு உறைக்கவே இல்லை.

இந்தப் பனிக்காலத்தில் கடைசி மகள் தனினா கல்லூரியிலிருந்து வந்தாள். அத்தையின் கதையைப் போனில் பதிந்துகொண்டு மதியப் பேருந்திலேயே திரும்ப வேண்டுமாம். செக்கூரா ஒப்புக்கொள்ளவில்லை.

"பகல்ல கதை சொன்னா வீட்டுப் பிள்ளைங்க தலை வழுக்கையாயிடும்டி. தெரிஞ்சே சொல்லுவேனா?"

"இவளுக்கு இருக்கிற முடியில கொஞ்சம் கொட்டினா ஒண்ணும் குறைஞ்சிடாது," என்றாள் ஜூஹேர், கூஸ்கூஸுக்கு மாவை உருட்டிக்கொண்டே. "அப்படிப் பயமா இருந்தா கதையாச் சொல்லாத. ஆரம்பத்துல சொல்ற வாக்கியத்தை விட்டுட்டு, ஊர்ச் சேதி மாதிரி சொல்லிட்டுப் போ."

செக்கூரா அவளையே பார்த்தாள். "சேதியாவா? யோசிச்சுத்தான் சொல்றீங்களா அண்ணி?"

"சொல்லுன்னா சொல்லேன். பஸ் போயிடும்."

அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் பின்னால் வருவதெல்லாம் பொய் என்று அர்த்தம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அது இல்லாமல் வாயைத் திறந்தால் சாட்சி சொல்வதுபோல. சேதிக்கு இடம் வேண்டும், பேர் வேண்டும்.

"இந்த வீட்லதான்," என்று ஆரம்பித்தாள் செக்கூரா. "தபால்காரர் பெலைத் என்னைப் பெண் கேட்டு வந்தார். அண்ணன் பிரான்சுல. ஜூஹேர் அண்ணி என்னை மாட்டுக் கொட்டில்ல விட்டுத் தாழ் போட்டாங்க. அவர்கிட்ட எனக்கு வலிப்பு வரும்னு சொல்லிட்டாங்க. அப்புறம் ஊத்துல தண்ணி எடுக்கப் போனா, அவர் தங்கச்சி என்கிட்டயே விசாரிக்கிறா, வலிப்பு இப்ப தேவலையான்னு."

ஜூஹேருக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாவுக்குள் கை அப்படியே நின்றது. அத்தனை பனிக்காலமும் தானே கேட்டு வாங்கித் தன்னையே சபித்திருக்கிறாள். ஊற்றில் விசாரித்த பேச்சென்றால் ஊருக்கே தெரிந்த பேச்சு. அடுப்பைச் சுற்றி இருந்த பெண்கள் போர்வையை ஏன் வாய்வரை இழுத்துக்கொண்டார்கள் என்று இப்போது புரிந்தது.

தனினா போனை அணைத்தாள். "அம்மா, அத்தை சும்மா விளையாடுறாங்கதானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும், மகளின் கண்ணில் அவள் பழைய ஜூஹேராகவே இருந்துவிடலாம். வாய் வரவில்லை.

"கையில ரெண்டு குழந்தை. உங்கப்பா அங்க. இவளும் போயிட்டா நான் என்னடி பண்ணியிருப்பேன்?"

செக்கூராதான் பேசினாள், குரலில் கோபமே இல்லை.

"அது எனக்குத் தெரியும் அண்ணி. ஒண்ணுதான் தெரியாது. வலிப்புன்னதும் உடனே திரும்பிட்டாரா? கதையில நான் அப்படித்தான் வச்சிருக்கேன்."

ஜூஹேர் மாவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "திரும்பல. வலிப்பு வந்தா என்ன, நான் பாத்துக்கறேன்னு நின்னான்."

செக்கூராவின் கை சுவரைத் தேடியது.

"அப்புறம்?"

"நீயே அவனை வேண்டாம்னு சொல்லிட்டதாச் சொன்னேன். அதுக்கப்புறந்தான் போனான்."