இன்சுலின் இல்லாத தட்டு

செல்களுக்கான திரவத்தை ஷிஜா தொட்டுப் பார்க்காமல் ஊற்ற மாட்டாள். வெந்நீர்த் தொட்டியிலிருந்து எடுத்த பாட்டிலைத் துடைப்பாள். கையுறையின் விளிம்பைச் சற்று மடக்கி, மணிக்கட்டின் உள்பக்கத்தில், நரம்பு நீலமாகத் தெரியும் இடத்தில் அழுத்திக் கண்ணை மூடுவாள். தொட்டியின் வெப்பமானி சரியாகத்தான் காட்டும். இருந்தாலும் பார்ப்பாள்.

களியக்காவிளைக்காரி. தினமும் பாறசாலையில் ரயிலேறித் திருவனந்தபுரத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வருவாள். எலியின் ஈரல் செல்களில் குளுக்கோஸ் என்ன செய்கிறது என்பதே அவள் ஆராய்ச்சி. குளுக்கோஸ் வெறும் தீனி அல்ல, ஏவலும்கூட. அது கூடினால், கொழுப்பை உண்டாக்கும் மரபணுக்களை ஈரல் செல் முடுக்கிவிடும். அந்த ஏற்றத்தைத் தெளிவாகக் காட்டும் வரைபடம் ஒன்று அவளுக்குக் கிடைத்தது. சீனியரான பிரஜின் அதைக் கொச்சி மாநாட்டில் தன் பெயரில் காட்டினான். கடைசியில், நன்றி சொல்லும் வரிசையில், இவள் பெயர் இருந்தது.

ஷிஜா அழவில்லை. யாரிடமும் புகார் சொல்லவும் இல்லை.

அவன் அதைக் கட்டுரையாக்கி அனுப்பியபோது, சோதனையை மீண்டும் செய்து காட்டும்படி ஆய்விதழ் கேட்டது. பிரஜின் செய்தான். மரபணு அசையவில்லை. குளுக்கோஸைக் கூட்டிக் கூட்டி ஊற்றினான். எலிகள்தான் வீணாகச் செத்தன.

காரணம் ஷிஜாவுக்குத் தெரியும். செல்லுக்குள் போன குளுக்கோஸை ஒரு நொதி மாற்ற வேண்டும். மாறியதுதான் மரபணுவை எழுப்பும். உடலிலிருந்து பிரித்த செல்லில் அந்த நொதி வற்றிவிடும். சோதனைக்கு முந்தின நாளே இன்சுலின் வைத்தால் திரும்ப ஊறும். பிரஜினோ, இன்சுலின் கலந்தால் பலன் குளுக்கோஸுடையதா இன்சுலினுடையதா என்று கேள்வி வருமே என நினைத்து, அதை அடியோடு தவிர்த்துவிட்டான்.

அவனுக்குச் செல் பிரித்துக் கொடுத்ததே ஷிஜாதான். அவ்வளவு நல்ல செல்களை அவள் தனக்குக்கூடப் பிரித்ததில்லை. செல் சரியில்லை என்று சொல்லி அவன் தப்பிவிடக் கூடாது.

ஒரு மதியம் கேட்டேவிட்டான். "எடி ஷிஜா, நீ வேற எதாவது போட்டியா?"

"அண்ணன் கொச்சியில நின்னு பேசின வேலைதானே? என்கிட்ட கேக்குதீங்களே."

"வெளையாடாத. ஷைலஜா மேடம் என்னைக் கொன்னுபோடுவாங்க."

"கொல்லட்டு" என்றாள்.

கூடத்தின் தலைவியான ஷைலஜா மேடம் எல்லாரையும் கூப்பிட்டார். ஷிஜா எடுத்த மூல வரைபடமே தப்பு போல என்றான் பிரஜின். அதற்காகவே காத்திருந்தவள்போல ஷிஜா எழுந்தாள். நானே செய்கிறேன், வந்தால் முதல் பெயர் என்னுடையது என்று மலையாளத்தில் சொன்னாள். மேடம் சம்மதித்தார். செய்தாள், வந்தது. பிரஜின் பெயர் நன்றி வரிசைக்கு இறங்கியது.

ஷிஜா சி.எஸ்.ஐ. சபைப் பெண். ஆனாலும் அன்று சாயங்காலம் கூட வேலை பார்க்கும் ரெம்யாவைப் பழவங்காடிக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கச் சொன்னாள். வெளியே நின்று அது சிதறும் சத்தத்தைக் கேட்டாள். இன்னொன்றும் உடைக்கச் சொன்னாள்.

கட்டுரை வெளிவந்து பல மாதம் கழித்து, விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை பார்க்கும் அஜிதாவைச் சந்தித்தேன். ஷிஜாவுக்கு முன்பு எங்கள் கூடத்தில் தற்காலிக உதவியாளராக இருந்தவள். எத்தனையோ செல் தட்டுகளைப் பாழாக்கி, முந்தின நாளே இன்சுலின் வைக்க வேண்டும் என்று கண்டுபிடித்ததும், போகும்போது ஷிஜாவுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். அவள் பெயர் கட்டுரையில் எங்கும் இல்லை.