பதினான்காவது பார்சல்

சென்ற வருடம் ஆவணி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. பகல் ஒரு மணி இருக்கும். கொட்டாஞ்சேனைப் பக்கம் அந்தோனியார் கோயில் வாசலில் வெறும் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் அக்காவின் தாலிக்கொடி அந்தப் பைக்குள்தான் இருந்தது. சனிக்கிழமை அவளுடைய மகளின் கழுத்தில் ஏற வேண்டிய கொடி. அதை யாரும் திருடவில்லை. நானே என் கையால் யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டேன். யாருக்கு என்றுதான் தெரியவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

சகோதரங்களே, நான் லேசில் அழுகிற ஆள் இல்லை என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அன்றைக்கு அழுதேன். ஆண்டவர் எனக்குச் செய்ததை மறைத்தால் நன்றி கெட்டவளாகிவிடுவேன். அதனால் என் வெட்கத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

அக்காவும் நானும் யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஒரு அறை எடுத்து இருந்தோம். கடற்கரைப் பக்கத்துக் குறுகலான ஒழுங்கை. ரயில் போகும்போதெல்லாம் அலுமாரிக் கண்ணாடி அதிரும். அக்காவுக்குக் கொள்ளுப்பிட்டியில் தட்டச்சு வேலை. செவ்வாய்க்கிழமைகளில் வேலை முடிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு அந்தோனியாரிடம் போவாள். புறக்கோட்டையில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். திரும்பி வரும்போது கையில் ஏதும் மிஞ்சியிருந்தால் ஒரு ஃபலூடா வாங்கி இரண்டு பேரும் குடிப்போம். அவள் பாதிக்கு மேல் குடித்துவிட்டு, "அடியில தானடி இனிப்பு, அதை உனக்கு விட்டிருக்கிறன்" என்பாள். அந்தச் செவ்வாய்க்கிழமைகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

பஸ்ஸில் எப்படிப் போவது என்று எனக்குப் பழக்கியதும் அவள்தான். கைப்பையை முன்னால் அணைத்துப் பிடி. சல்லியை ஓரிடத்தில் வைக்காதே. மோதிரத்தின் கல்லை உள்ளங்கைப் பக்கம் திருப்பிவிடு. சங்கிலியைச் சட்டையோடு ஊசி குத்தி வை. எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "பஸ்ஸில எல்லாரையும் கள்ளர் எண்டு நினை. இறங்கினாப் பிறகு மனசுக்குள்ள மன்னிப்புக் கேள்" என்று சிரிப்பாள். நான் முதல் பாதியை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டதாக ஞாபகம் இல்லை.

அக்கா நோயில் போகும்போது மகள் நிரோவுக்கு ஒன்பது வயது. தகப்பன் அதற்கு முதலே இல்லை. அக்கா கொடியைக் கழற்றி என் கையில் வைத்து, "இவளின்ர கழுத்தில ஏறும்வரைக்கும் நீதான் காவல்" என்றாள். பதினெட்டு வருடம் காவல் இருந்தேன். வீட்டுக்கு வந்த பிளம்பரைக்கூடச் சந்தேகத்தோடுதான் பார்த்திருக்கிறேன். நிரோவின் கலியாணம் சரிவந்தால் பதின்மூன்று ஏழைகளுக்குச் சோறு தருகிறேன் என்று அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தேன். கலியாணம் சரிவந்தது. நேர்த்தியைச் செலுத்திவிட்டு, கொடியையும் ஃபாதரிடம் ஆசீர்வதித்து வாங்கி வருவதென்று புறப்பட்டேன்.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்களே, அந்தப் பயம் எனக்கு முதல் நாளே தொடங்கிவிட்டது. கைப்பையில் வைத்தால் பிளேட் போடுவார்கள். கழுத்தில் போட்டால் அறுப்பார்கள். ஓட்டோக்காரனையோ நம்ப முடியாது. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். பதின்மூன்று சோற்றுப் பார்சல் கட்டினேன். பதினான்காவதாக இன்னொன்று. அதில் கொடியைச் சின்னப் பொலித்தீன் பைக்குள் முடிந்து அடியில் வைத்து, மேலே இரண்டு பிடி சோறும் கொஞ்சம் பருப்பும் போட்டு, மற்றவை மாதிரியே பேப்பரில் சுற்றினேன். சோற்றுப் பார்சலை எந்தக் கள்ளன் தொடுவான்? அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டினேன். என் கெட்டித்தனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

"சின்னம்மா, நான் லீவு போட்டுக்கொண்டு கூட வரட்டா?" என்று நிரோ கேட்டாள்.

"உனக்கு வேற வேலை இல்லையே? நான் எத்தனை வருஷமாப் போய் வாறனான்" என்றேன்.

கோயில் வாசலில் சோற்றுக்காக ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கொடுக்கத் தொடங்கினேன். பக்கத்தில் கோடு போட்ட சேர்ட்டோடு ஒருவன் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆள் சரியில்லை என்று என் மனம் சொல்லிவிட்டது. ஒரு கையால் கைப்பையை நெஞ்சோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அவன் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், மற்றக் கையால் பார்சல்களை எடுத்து எடுத்து நீட்டினேன். கைகள் வாங்கிக்கொண்டன. நீட்டியபடி இன்னும் ஒரு கை இருந்தது, அதற்கும் கொடுத்தேன். பை காலியானது. சிவப்பு நூல் ஞாபகத்துக்கு வந்தபோது வரிசை கலைந்துவிட்டிருந்தது.

நான் படியில் இருந்து அழுததைக் கண்டு முதலில் ஓடி வந்தது அந்தக் கோடு போட்ட சேர்ட்டுக்காரன்தான். அவன் ஓட்டோ ஓடுகிறவன். வயதான மனுசி பாரத்தோடு வந்திருக்கிறாவே, திரும்பிப் போக வண்டி தேவைப்படும் என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். அழுதுகொண்டே அவனிடம் நடந்ததைச் சொன்னேன்.

"அம்மா, அந்தச் சிவப்பு நூல் பார்சல ஒரு பொம்பள கடைசியா வாங்கிச்சு. சாப்பிடல. பையில போட்டுக்கிட்டு முகத்துவாரம் பஸ்ல ஏறிச்சு. முகம் நான் சரியாப் பாக்கல, முதுகுதான் தெரிஞ்சிச்சு. வாங்க, போய்ப் பாப்பம்."

போனோம். முகத்துவாரத்து ஒழுங்கைகளில் வீடு வீடாக விசாரித்தோம். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "எப்படி இருப்பாங்க? வயசு எத்தன? என்ன உடுத்தியிருந்தாங்க?" எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. பதினான்கு பேருக்கு என் கையால் சோறு கொடுத்திருக்கிறேன். ஒரு முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

ஓட்டோவுக்குள் திரும்பி வந்து உட்கார்ந்தேன். அதுவரைக்கும் நான் செபித்ததெல்லாம் பேரம்தான். கொடியைத் தாரும், இன்னும் பதின்மூன்று பார்சல் தருகிறேன் என்று. எடுத்தவள் கையில் அது தங்காமல் போகட்டும் என்றுகூட ஒரு தடவை சொல்லிவிட்டேன். இப்போது வேறு விதமாகத்தான் வாயில் வந்தது. "ஆண்டவரே, எனக்குத் தெரியாத அந்த முகம் உமக்குத் தெரியும். அந்த மனுசி கையில நான் ஒரு சோதனையைக் குடுத்திட்டன். அவவுக்கு ஒரு தீங்கும் வராமல் பாரும்." சொன்ன பிறகு கொஞ்சம் மூச்சு வந்தது. அக்காவிடம் மட்டும் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் வெள்ளவத்தை வரைக்கும் அழுதுகொண்டு வந்தேன். ஓட்டோக்காரப் பிள்ளை காசு வாங்க மாட்டேன் என்றான். வற்புறுத்தித்தான் கொடுத்தேன்.

நிரோவிடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப்போனது. "மஞ்சள் கயித்தில கட்டுவம் சின்னம்மா. அம்மா கோவிக்கமாட்டா" என்றாள். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

புதன்கிழமை விடிந்ததும் மறுபடியும் போனேன். செவ்வாய்க்கிழமைக் கூட்டம் இல்லாமல் கோயில் முற்றம் வெறிச்சென்று கிடந்தது. வாசல் படியில் ஒரு மெலிந்த பெண், ஐம்பது வயது மதிக்கலாம், பக்கத்தில் ஒரு கருவாட்டுப் பை. என்னைக் கண்டதும் எழுந்துவிட்டாள்.

"நீங்கதானே அம்மா நேத்துப் பார்சல் குடுத்தது?"

"ஓம்! நான்தான். என்னை எப்படிப் பிள்ளை தெரியும்?"

"தெரியாமயா? நான் உங்க முகத்தப் பாத்து, சாமி ஆசீர்வதிக்கட்டும்னு சொன்னேன். நீங்கதான் அங்கிட்டுப் பாத்துக்கிட்டு நின்னீங்க."

கருவாட்டுப் பைக்குள் தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவி, நான் முடிந்த அந்தப் பொலித்தீன் பையை எடுத்தாள். முடிச்சு அப்படியே இருந்தது.

"நேத்தே வந்திருப்பேன். வீட்டுக்காரர் படுக்கையில, அவருக்குச் சோறு ஊட்டத்தான் பொழுது சாயப் பிரிச்சேன். பாத்தா இது. இருட்டிப்போச்சு. தங்கத்தோட எப்புடி வாறது? ராவு முழுக்கத் தூங்கல அம்மா. நாய் கொலைச்சா பயம், கதவு ஆடினா பயம். காலயில கருவாட்டுக்குள்ள வச்சுக் கொண்டாந்தேன். இதுக்குள்ள எவன் கைய விடுவான்?"

நான் பதினெட்டு வருடம் பட்ட பயத்தை அவள் எனக்காக ஒரு இரவு பட்டிருக்கிறாள். கொடி நாறியது. அதை முகத்தோடு அணைத்துக்கொண்டு அழுதேன். அவளுடைய கையைப் பிடித்து, "உனக்கு நான் என்ன பிள்ளை செய்ய? கேள்" என்றேன்.

அவள் கூச்சத்தோடு சிரித்தாள். "ஒண்ணும் வேணாம் அம்மா. ஆனா, மத்தவங்க பிரிச்சப்ப பாத்தேன், நிறையச் சோறு இருந்துச்சு. எங்களுக்குத்தான் ரெண்டு பிடி. அவருக்கே பத்தல."

அந்த வார்த்தை என்னை அறைந்தது. கோயில் வாசலில் அன்றைக்குப் பசியோடு போனது அவள் ஒருத்திதான். பசியோடு போன அவள்தான் தங்கத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாள். அந்தோனியார் தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருவார் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அவர் எனக்குக் கண்டுபிடித்துத் தந்தது கொடியை மட்டும் இல்லை.

ஃபாதர் கருவாட்டு வாசத்தோடேயே கொடியை ஆசீர்வதித்தார். சனிக்கிழமை அது நிரோவின் கழுத்தில் ஏறியது. செல்வமணி, அதுதான் அவள் பெயர், கலியாணத்துக்கு வந்திருந்தாள். பந்தியில் முதல் இலை அவளுக்கு. நிரோ மணப்பெண் உடுப்போடேயே போய் அவளுக்குச் சோறு போட்டாள். அவள் வீட்டுக்காரருக்கு என்று தனியாக ஒரு பெரிய சட்டி நிறையச் சோறும் கட்டிக் கொடுத்துவிட்டோம்.

அன்பானவர்களே, பயணத்தில் உங்கள் பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கள்ளர் இருக்கிறார்கள்தான். நானும் இப்போதும் பஸ்ஸில் பையை முன்னால்தான் பிடிக்கிறேன். ஆனால் தொலைந்தது இனி வராது என்று உட்கார்ந்துவிட்டவர்கள் உங்களில் யாராவது இருந்தால், என்னைப் போல ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அது யார் கையில் இருக்கிறதோ அவருக்காகவும் சேர்த்துக் கேளுங்கள். செவ்வாய்க்கிழமைகளில் நான் இன்றைக்கும் பார்சல் கொண்டுபோகிறேன். வாசலில் கைப்பையைக் கீழே வைத்துவிடுகிறேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்து, பெயர் கேட்டு, இரண்டு கையாலும் கொடுக்கிறேன்.