காடாத் துணியில் ஒரு பாய்

மாட்டுவண்டி குடைசாய்ந்ததில் என் கணவரின் வலது தோள் நொறுங்கியது. எலும்பு கூடிய பிறகும் கை மேலே எழவில்லை. எங்கள் கீரைத் தோட்டம் உக்கடம் குளத்தின் மேல்கரையில் இருந்தது; சந்தை கீழ்கரையில். கூடைகளைச் சின்னப் பலகைப் படகில் ஏற்றி, மூங்கில் கோலூன்றித் தள்ளிக்கொண்டு போவது அவர் வேலை. அந்த ஆனியில் கோலை நான் எடுத்தேன். மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று படகைச் சுழற்றிச் சுழற்றி அடித்தது. அதனோடு மல்லுக்கட்டிச் சலித்த ஒருநாள், இந்தக் காற்றையே வேலை வாங்கினால் என்ன என்று தோன்றியது. கல்யாணத்துக்கு முன் ராமேசுவரத்தில் பாய் விரித்த படகுகளைப் பார்த்திருந்தேன்.

"ஏனுங்க, நம்ம படகுக்குப் பாய் கட்டலாமுங்களா?"

"கொளத்துல ஆரு புள்ள பாய் கட்டறாங்க? ஊரே சிரிச்சுப்போடும்."

"சிரிக்கட்டுமுங்க. கீரை வாடறதுக்குள்ள சந்தைக்குப் போனாச் செரி."

முரட்டுக் காடாத் துணியை நான்கு பட்டையாகக் கிழித்து, பக்கத்தில் பக்கம் வைத்து ஒற்றைத் தையலாக இணைத்தேன். மூன்று நாளில் பாய் முடிந்தது. படகின் நடுவில் ஒரு மூங்கிலை நட்டு, அதில் கட்டி விரித்ததும் காற்று நடுத்தையலைப் பிரித்துக்கொண்டு போயிற்று. கரையில் துணி துவைத்தவர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

கிழிந்ததைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் தையற்கடை வைத்திருந்த ராவுத்தரிடம் போனேன். அவர் துணியை விரலால் நெருடிப் பார்த்தார்.

"மடிச்சா நாலு தடிப்பு வருமுங்க அம்மணி. என்ர மிசின்ல ஊசி ஒடிஞ்சுபோகும்."

"மிசின் வேண்டாமுங்க. கையிலயே தெச்சுக்கறேன். எப்பிடி மடிக்கோணும்னு மட்டும் சொல்லுங்க."

ஒரு விளிம்புக்குள் இன்னொரு விளிம்பைக் கொக்கி போல மாட்டி, இரண்டு வரி தைக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து எல்லாத் தையலையும் பிரித்தேன். சாக்குத் தைக்கும் கோணூசியில் முறுக்கு நூல் கோத்து, மெழுகு தடவி, முதலிலிருந்து தொடங்கினேன். சுற்று விளிம்பில் கயிற்றை வைத்து மடித்துத் தைத்தது என் சொந்த யோசனை. உள்ளங்கையில் ஊசி குத்திக் குத்திப் புண்ணானது. துணி சுற்றிக்கொண்டு தைத்தேன். ஐந்தாம் நாள் என் கணவர் தாமாகவே எதிரே வந்து உட்கார்ந்தார். பாயின் ஓரத்தைக் கால்களால் அழுத்தி, இடது கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு தையல் நேராக விழுந்தது.

ஆடி பிறந்து இரண்டாம் நாள் விடியலில் மறுபடி விரித்தோம். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. பிறகு வயிறு உப்பி நின்றது. படகு விருட்டென்று கிளம்பியது. நான் பாய்க்கயிற்றைப் பிடித்தேன். அவர் ஒரு துடுப்பை இடது அக்குளில் இடுக்கித் திசை பிடித்தார்.

"உடாத புள்ள, உடாத!" என்று கத்தினார்.

நான் விடவில்லை. எப்படி நிறுத்துவது என்பதை மட்டும் இருவரும் யோசித்திருக்கவில்லை. கீழ்கரைச் சேற்றில் படகு முட்டி ஏறியது. இரண்டு கூடை கவிழ்ந்தது. அவர் சேற்றில் உட்கார்ந்தபடி சிரித்தார். வண்டி குடைசாய்ந்த நாளுக்குப் பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சந்தை முடிந்து திரும்பும்போது எதிர்க்காற்று. பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, காலிப் படகைக் கயிற்றால் இழுத்துக்கொண்டு கரையோடு நடந்தோம்.