உள்பக்கம் பூட்டிய கதவுகள்

ரேகாவுக்குக் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. நெல்லிக்குப்பத்தில் பள்ளிக்கூடம் படித்த காலத்தில், சர்க்கரை ஆலையின் புகை ஒரு நாள் வெள்ளையாகவும் இன்னொரு நாள் கறுப்பாகவும் ஏன் வருகிறது என்று கேட்டுக்கொண்டு ஆலைக்குள்ளேயே போய்விட்டாள். காவலாளிதான் கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டார். கல்யாணமாகிக் கடலூர் செம்மண்டலத்துக்கு வந்த பிறகும் அந்தக் குணம் மாறவில்லை. வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தபோது, ஊர்க்கதை கேட்கிறதுக்கு கவர்மெண்டே ஆள் வைக்கிறதா என்று அவள் கணவன் இளவரசு சிரித்தான்.

மாதம் ஒரு முறை மங்கலத்தின் வீட்டுக்கும் போவாள். மங்கலத்துக்கு அறுபத்திரண்டு வயது. ஒரு மாதம் பிரஷர் பார்த்தபோது நூற்றெண்பதைத் தாண்டி நின்றது. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா, தூங்குகிறீர்களா என்று ரேகா கேட்டுக்கொண்டிருக்கும்போதே முன்பக்கம் கம்பிக் கதவு தடதடவென்று ஆடியது. மங்கலத்தின் புருஷன் அந்தோணிசாமி உள்ளே நின்று கதவை உலுக்கிக்கொண்டிருந்தார். பூட்டின் சாவி மங்கலத்தின் முந்தானையில் முடிந்திருந்தது.

தெருவில் அவரைப் பற்றிய பேச்சு ரேகாவின் காதிலும் விழுந்திருந்தது. மத்தியானமானால் கிளம்பிவிடுவார். யார் வீட்டுக் குழாயாக இருந்தாலும் இறுக்கி மூடுவார். ஒரு நாள் தண்ணீர்த் தொட்டியின் வால்வையே மூடிவிட்டார். தெரு முழுக்க ஒரு நாள் தண்ணீர் இல்லை. காரணம் தெரிந்ததும் நாலு பேர் வாசலில் வந்து நின்று கத்தினார்கள். கிழவனைக் கட்டிப்போடு என்றுகூட ஒருவர் சொன்னார். அன்றைக்கு வாங்கிய பூட்டு அது. அதற்குப் பிறகு மங்கலம் மாதா கோயிலுக்குப் போவதையும் விட்டுவிட்டாள்.

எல்லோரும் அவர் செய்வதை நிறுத்தத்தான் பார்த்தார்கள். ரேகாவுக்கோ அவர் எதற்காக அப்படிச் செய்கிறார் என்று தெரிய வேண்டும். மறுநாள் மத்தியானம் வந்து, பூட்டைத் திறக்கச் சொல்லி அவர் பின்னாலேயே நடந்தாள்.

மணி சரியாக ஒன்றே முக்கால். அவர் முதல் குழாயை மூடினார். புறங்கையால் குழாயைத் தொட்டுப் பார்த்தார். தலையைத் தூக்கி மேலே எதையோ பார்த்தார். அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார். ஆறு வீடு வரைக்கும் இதே வரிசைதான், ஒன்றுகூடப் பிசகவில்லை. ஏழாவது வீட்டில் மட்டும் வெகுநேரம் நின்றார்.

"இன்னா சார் பாக்குறீங்க?" என்று கேட்டாள்.

"ஏழாம் நம்பர் லீக் ஆவுது. யாரும் கிட்ட வரக் கூடாது," என்றார் அவர். அவளையும் ஒதுங்கி நிற்கச் சொன்னார்.

அந்தோணிசாமி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் பாய்லர் ஆபரேட்டராக இருந்தவர் என்பது மங்கலத்துக்குத் தெரியும். அங்கே என்ன செய்தார் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. கூட வேலை பார்த்த ராஜவேல் திருப்பாப்புலியூரில் இருப்பதாக மட்டும் சொன்னாள். ரேகா அவரைத் தேடிப் பிடித்தாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ராஜவேல் ஒவ்வொன்றாக விளக்கினார். இரண்டாம் ஷிஃப்ட் இரண்டு மணிக்கு ஆரம்பிக்கும். கால் மணி நேரம் முன்னதாகவே வந்து எல்லா வால்வையும் சுற்றிப் பார்த்துவிடுவது அந்தோணிசாமியின் பழக்கம். மேலே பார்த்தது பிரஷர் மீட்டரை.

"புறங்கையால ஏன் தொடுறாரு?" என்றாள் ரேகா.

"சூடு பாக்கத்தான். உள்ளங்கை வெந்துபோச்சின்னா அப்புறம் வால்வ எப்படிப் புடிக்கிறது?"

ஏழாம் நம்பரையும் அவரே சொன்னார். பல வருஷத்துக்கு முன்னால் அந்தக் குழாயில் நீராவி பீறிட்டபோது ராஜவேல் அதன் அடியில்தான் உட்கார்ந்திருந்தார். அந்தோணிசாமி ஓடிவந்து அவரைத் தள்ளிவிட்டு வால்வை மூடினார். "அந்தோணிசாமி மாமா இல்லன்னா நான் இன்னிக்கி உங்ககிட்ட பேசிக்கினு இருக்க மாட்டேன்," என்று சொன்னவர், அடுத்த நாளே செம்மண்டலத்துக்கு வந்துவிட்டார்.

வயசானால் எல்லோருக்கும் இப்படித்தான் என்று ஒரு கிளினிக்கில் சொல்லி அனுப்பியதை மங்கலம் அதுவரை நம்பிக்கொண்டிருந்தாள். மூன்று பேருமாக அந்தோணிசாமியைச் சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே ஆஸ்பத்திரியில் அனுப்பிரியா என்ற டாக்டர், ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பார்த்துவிட்டு, இது மறதி நோய், மூளையில் வருகிற வியாதி, அடியோடு குணமாகாது, ஆனால் பார்த்துக்கொள்கிற விதத்தால் எவ்வளவோ நன்றாக வைத்துக்கொள்ளலாம் என்று நிதானமாகச் சொன்னார். மங்கலம் அழுதாள். தான் ஏதோ கவனக்குறைவாக இருந்துவிட்டதால் இப்படி ஆகிவிட்டது என்று இரண்டு வருஷமாக நினைத்திருந்தாளாம்.

கிளம்பும்போது டாக்டர் ரேகாவிடம், உங்கள் ஏரியாவில் இப்படி எத்தனை பேர் என்று சாதாரணமாகத்தான் கேட்டார். ரேகா தன் பதிவேட்டை நினைத்துப் பார்த்தாள். அதில் பிரஷருக்குக் கட்டம் உண்டு, சுகருக்கு உண்டு, இதற்கு இல்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அதுவே மனசில் ஓடியது.

அடுத்த வாரம் வீடு வீடாகக் கேட்க ஆரம்பித்தாள். வீட்டில் யாருக்காவது மறதி ஜாஸ்தியா இருக்கா? ஒருவர்கூட ஆமாம் என்று சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும் உண்டு. கேட்கிற விதத்தில்தான் கோளாறு என்று ரேகாவுக்குப் பட்டது. மங்கலத்திடம் முதலில் தான் பார்த்தது என்ன என்று யோசித்தாள். பிறகு கேள்வியை மாற்றினாள்.

"பகல்ல வாசக் கதவ உள்பக்கம் பூட்டியா வெச்சிருக்கீங்க?"

முந்நூற்று நாற்பது வீடுகளில் பதிமூன்று வீட்டுக்காரர்கள் ஆமாம் என்றார்கள். இரண்டு வீட்டில் நாய்க்காக, இரண்டு வீட்டில் தவழும் குழந்தைக்காக. மிச்சம் ஒன்பது வீட்டிலும் ஏன் என்று கேட்டதும் பேச்சு தயங்கியது, பிறகு உடைந்துகொண்டு வந்தது. ஒரு வீட்டில் மருமகள் வேலையை விட்டிருந்தாள். இன்னொரு வீட்டில் சபாபதி என்கிற ஓய்வுபெற்ற வாத்தியார், தன் மனைவி பட்டம்மாளைத் தனியே விட முடியாமல் எட்டு மாதமாக முடி வெட்டிக்கொள்ளக்கூடப் போகவில்லை.

ஒன்பது பேர் என்று போனில் சொன்னபோது டாக்டர் ஆச்சரியப்படவில்லை. மாதம் ஒரு தடவை தானே வருவதாகச் சொன்னார். மற்ற நாளுக்கு என்ன செய்வது? மாதா கோயில் பங்குச் சாமியாரிடம் மங்கலம் பேசினாள். கோயிலை ஒட்டிய கூடம் செவ்வாயும் வெள்ளியும் காலை பத்திலிருந்து ஒரு மணி வரை கிடைத்தது. எந்த மதத்துக்காரர்களும் வரலாம் என்று அவரே அறிவித்தார்.

முதல் செவ்வாய் மூன்று பேர்தான் வந்தார்கள். கூடத்தைக் கல்யாண மண்டபம் என்று நினைத்துக்கொண்ட பட்டம்மாள், பொண்ணு எங்கே என்று கேட்டுக்கொண்டே வந்தாள். சபாபதி பதறிப்போய்த் திருத்தப் பார்த்தார். ரேகா அவரைக் கையமர்த்திவிட்டு, பொண்ணுக்கு என்ன புடவை எடுத்திருக்கிறார்கள் என்று கேட்டாள். பட்டம்மாள் அரை மணி நேரம் புடவையைப் பற்றிப் பேசினாள். வீட்டில் அவள் இத்தனை வார்த்தை பேசிப் பல மாதம் ஆகிறது என்று சபாபதி பிறகு சொன்னார். அடுத்த வெள்ளிக்கிழமை அவளை விட்டுவிட்டு முடி வெட்டிக்கொண்டு வந்தார்.

அந்தோணிசாமிக்குக் கூடத்தில் வேலை இருந்தது. ராஜவேலும் அவரும் பின்பக்கம் இருந்த குழாய்களைச் சுற்றி வருவார்கள். ஒவ்வொன்றையும் பார்த்து அந்தோணிசாமி சொல்லச் சொல்ல ராஜவேல் ஒரு நோட்டில் எழுதுவார். வீட்டில் பூட்டு தேவைப்படவே இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் மத்தியான வேளையில் திறந்தே வைத்தார்கள். ரேகா ஆட்டோ ஸ்டாண்டிலும் டீக்கடைகளிலும் மங்கலத்தின் போன் நம்பரைக் கொடுத்து, அதட்ட வேண்டாம், உட்கார வைத்துப் போன் செய்தால் போதும் என்று சொல்லியிருந்தாள். இரண்டு தடவை ஆட்டோக்காரர்களே அவரைக் கொண்டுவந்து விட்டார்கள். முன்பு வாசலில் வந்து கத்தியவர்களில் ஒருவர், தன் வீட்டுக் குழாயை அவர் மூடி முடிக்கும்வரை காத்திருந்து, டூட்டி முடிஞ்சுதா சார் என்று கேட்க ஆரம்பித்தார்.

இது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அந்தோணிசாமி இப்போது வெளியே கிளம்புவதில்லை. ராஜவேல் யார் என்று பல நாள் தெரிவதில்லை. ராஜவேல் அதைப் பொருட்படுத்தாமல் வந்துகொண்டுதான் இருக்கிறார். கூடத்துக்குப் பதினொரு பேர் வருகிறார்கள். ரேகாவின் பதிவேட்டில் புதிதாக ஒரு கட்டம் சேர்ந்திருக்கிறது. அது அச்சடித்ததல்ல, அவளே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது. சிதம்பரத்தில் டாக்டர் கூட்டிய கூட்டத்தில் அந்தக் கட்டத்தைப் பற்றி அவள் பேசினாள். அதைக் கேட்டுவிட்டு, அவளைப் போலவே வீடு வீடாகப் போகிற இன்னும் ஆறு பேர் தங்கள் பதிவேட்டிலும் கோடு போட்டுக்கொண்டார்கள்.

மங்கலத்தின் பிரஷர் குறைந்துவிட்டது. கூடம் நடக்கிற நாளில் முதலில் வீட்டுக்குப் போய்த் தூங்கிக்கொண்டிருந்தவள், சில மாதமாக ரேகாவோடு புது வீடுகளுக்குப் போகிறாள்.

போன வெள்ளிக்கிழமை அப்படி ஒரு வீட்டுக்குப் போனார்கள். கதவைத் திறந்தவர் காத்தவராயன் என்ற பெரியவர். மனைவி உள்ளே படுத்திருக்கிறாள், அவளுக்கு ஒன்றும் இல்லை, நீங்கள் போகலாம் என்றார். ரேகா அடுத்த கேள்விக்கு வாயெடுத்தாள். மங்கலம் அவள் கையை லேசாகத் தொட்டு நிறுத்தினாள்.

"அவுங்கள அப்புறம் பாக்கலாம்," என்றாள் அவரிடம். "நீங்க சாப்ட்டீங்களா?"

அவர் கதவைப் பிடித்தபடியே நின்றார். இல்லை என்று தலையாட்டினார். பிறகு இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டு அவர்களை உட்காரச் சொன்னார்.