தடைக்காலத்துக்குள் ஒரு முடிவு

வெட்டுவதற்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டார்கள். கிளினிக் வாசலில் வண்டியை எடுக்கும்போதுதான் எனக்குத் திடீரென்று உறைத்தது: ஏன் வெட்ட வேண்டும் என்று நாங்கள் கேட்கவே இல்லை.

வெட்டுப்படப் போவது நான் அல்ல, என் அண்ணன். காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவன். கல்யாணமாகி எட்டு மாதம். முன்தோல் இறுகிக் கிடக்கிறது. பின்னால் தள்ளினால் வெடிக்கும்; ஆறும்; ஆறியபின் இன்னும் இறுகும். மாசியில்தான் என்னிடம் சொன்னான், அதுவும் நான் எம்.எஸ்சி. படித்தவன் என்பதற்காக. படித்தது வேதியியல் என்பதை அவன் பொருட்படுத்தவில்லை.

நானும் அன்றைக்கே செல்போனில் நாலு கட்டுரை படித்துவிட்டு, "சுத்தமா வெச்சிக்கோ, போதும்" என்று உத்தரவு போட்டேன். படகில் நல்ல தண்ணீர் குடிக்கவும் சோறு பொங்கவும்தான். உடம்புக்குக் கடல் தண்ணீர். அதனால் கரைக்கு வந்ததும் சேர்த்துவைத்துச் சுத்தம் செய்திருக்கிறான், புண் கழுவும் லோஷனைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றி. தோல் வெந்துவிட்டது. கிளினிக்கிலிருந்து திரும்பும் வழியில்தான் இதைச் சொன்னான்.

"எவ்ளோ நாளா ஊத்துற?"

"நீ சொன்னதுலர்ந்துதான்டா."

வண்டியை ஓரம் கட்டினேன். அப்புறம், "சரி, ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, பாக்கறேன்" என்றேன்.

"இன்னாது, போட்டோவா? செருப்பு பிஞ்சிடும்."

வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் அவனுடைய தோஸ்துதான் தைரியம் சொல்ல வந்தார். "இதுக்கா மாமு பேஜாராவுற? எனக்கு ஆறு வயசுலயே சுன்னத்து முடிஞ்சிது. தெருவே பிரியாணி துன்னுச்சு. உனக்கும் ஒரு டேக்சா போட்டுடலாம், வா."

"ஆறு வயசுல நீ அழுதா தூக்கி வெச்சிக்குவாங்க. முப்பத்தோரு வயசுல நான் அழுதா?"

இருவரும் சிரித்தார்கள்.

மறுநாள் அரசு மருத்துவமனையில் தோல் பிரிவுக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த டாக்டர் நிதானமாகப் பார்த்தார். "லோஷன், சோப்பு எல்லாத்தையும் நிறுத்துங்க. வெறும் தண்ணி போதும். நிறைய பேருக்குக் களிம்புலயே இளகிடும். ஆனா ஓரத்துல ஒரு இடம் வெள்ளையா தடிச்சிருக்கு. அது பரவினா வெட்டுறதுதான் வழி. எப்படிப் போகும்னு இப்பவே சொல்ல முடியாது. ஆமா, சர்க்கரை பாத்தீங்களா? அது இருந்தாலும் தோல் இப்படி வெடிச்சு இறுகும்."

யாரும் பார்க்கவில்லை.

மீன்பிடித் தடைக்காலம் இரண்டே மாதம். எங்கள் தெருவில் படகுக்குப் பெயின்ட், பல் பிடுங்கல், ஆபரேஷன் எல்லாம் அதற்குள்தான். இந்த முறை ஒரு வாரம் ஏற்கெனவே போய்விட்டது. களிம்பையே நம்பி உட்கார்ந்து அது பலிக்காமல் போனால், வெட்டிப் புண் ஆறுவதற்குள் கடல் திறந்துவிடும். பச்சைப் புண்ணோடு உப்புத் தண்ணீரில் நிற்க முடியாது. இப்போதே வெட்டிவிட்டால், வெட்டாமலே சரியாகியிருக்குமோ என்பது கடைசிவரை தெரியாது.

டீக்கடையில் ஒரு தாளை மடித்து, வெட்ட ஒரு பக்கம், வெட்டாமலிருக்க ஒரு பக்கம் என்று காரணங்களை எழுதினேன். இரண்டு பக்கமும் நிறைந்தன. அண்ணன் அதைப் பார்க்கவே இல்லை.

"நீயே சொல்லுடா. நீதான படிச்சவன்."

ஒருமுறை சொன்னதற்கே அவன் தோல் வெந்தது. மறுபடி சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் டாக்டரிடமே திரும்பிப் போய்த் தடைக்காலக் கணக்கைச் சொன்னேன். "நாலு வாரம் போடுங்க. அதுக்குள்ள கொஞ்சமாவது இளகணும். இல்லன்னா மிச்ச நாள்ல வெட்டிடலாம்" என்றார். தோலைப் பின்னால் தள்ளினால் உடனே முன்னுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், மாட்டிக்கொண்டால் ஓடி வர வேண்டும் என்று இரண்டு முறை எச்சரித்தார்.

கிளினிக்கில் குறித்த தேதியைத் தள்ளிப்போட்டிருக்கிறோம். ரத்து செய்ய எனக்குத் துணிச்சல் இல்லை. நாளைக் காலை வெறும் வயிற்றில் சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். அதுவரை அவனை டீ குடிக்காமல் பார்த்துக்கொள்ளப் போகிறேன். திரும்பி வந்ததும் முதல் தடவை களிம்பு.