நசுங்காத எலுமிச்சம்பழம்

புதுக் காருக்குக் கோயில் வாசலில் பூசை போட்டோம். சக்கரங்களுக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழங்களில் ஒன்று நசுங்காமல் உருண்டு சாக்கடையில் விழுந்தது. மனைவியின் முகம் சுருங்கியது. நான் கண்டுகொள்ளவில்லை.

அடுத்த மாதமே, மெர்லிமாவ் ஊரைத் தாண்டும்போது கியர்பாக்ஸ் போய்விட்டது. எஞ்சின் உறுமியது, கார் நகரவில்லை. லாரி வைத்து சர்வீஸ் சென்டருக்கு இழுத்துப் போனோம். வாரண்டி இருந்ததால் வேறு கியர்பாக்ஸ் மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமாம். அதுவரை மச்சானின் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனேன்.

விஷயம் தெரிந்தவர்கள் எல்லாரும் பழத்தைப் பற்றியே கேட்டார்கள். "எந்தப் பக்கத்து டயரு லா?" என்று பக்கத்து வீட்டு அக்கா துருவினார். கியர்பாக்ஸைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சர்வீஸ் சென்டரில் என் காரைக் கவனித்தவரும் தமிழர்தான். கம்ப்யூட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "ஏன் போச்சுன்னு தெரியலண்ணே" என்று நேராகச் சொன்னார். பழத்தைப் பற்றிப் பேசாத ஒரே ஆள் என்பதால் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

கார் தயாரானதும் சாவியைக் கையில் கொடுத்து, "மெதுவா எடுங்கண்ணே" என்றார். எதற்கு என்று குனிந்து பார்த்தேன். நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம்.

ஏறி ஓட்டினேன். கேட்டுக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு, இறங்கித் திரும்பி நடந்துபோய்ப் பார்த்தேன். நான்கும் நசுங்கியிருந்தன.